காணாமல் போன விமானத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?



ஒரு பௌர்ணமி கிரிவலத்தில் என் தம்பி கூட்டத்தில் காணாமல் போய்விட்டான். அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. போலீஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எங்க பார்த்தீங்க?" ரமணாசிரமம் வாசலில் பார்த்தோம். முன்னால் போய் எமலிங்கத்தில் நின்ற அத்தையோ, "இங்க வரலையே" என்றார். அப்போ நடுவில்தான் இருக்கணும்! சிம்ம தீர்த்தம் பக்கத்தில் கிடைத்தான்.

விமானத்தைத் தேடுவதும் இதே கேள்வியில்தான் தொடங்குகிறது.

22.7.2016 அன்று சென்னை தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட நம் விமானப்படையின் ஏ.என்-32 விமானம் வங்கக்கடலில் மறைந்தது. அதைக் கடைசியாகப் பார்த்தது ரேடார். சுமார் 23,000 அடி உயரத்தில் பறந்த விமானம் இடப்பக்கம் திரும்பி, வேகமாகக் கீழே இறங்கியது. அதன்பின் ஒன்றும் தெரியவில்லை. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் பயனில்லை.

ஏன்? ரேடார் அலை கடலுக்குள் போகாது. வெளிச்சமும் ஆழத்துக்குப் போகாது. ஆனால் ஒலி போகும், அதுவும் நொடிக்கு சுமார் 1500 மீட்டர் வேகத்தில்! ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு தரையைப் படம் பிடிக்கும் கருவிதான் சோனார்.

சென்னை தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், தானே நீந்தும் ஆளில்லாக் கருவியில் சோனாரும் கேமராவும் வைத்துக் கடலுக்குள் அனுப்பியது. 3400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகள் தெரிந்தன! நம்ம அண்ணாமலை சுமார் 800 மீட்டர். நாலு மலையை அடுக்கினாலும் நீர்மட்டத்தைத் தொடாது.

படங்கள் ஏ.என்-32 விமானத்தோடு ஒத்துப்போயின. அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போன பதிவும் இல்லை. அதனால், இது அந்த விமானமாக இருக்கலாம் என்று 2024 ஜனவரியில் அரசு அறிவித்தது. "இருக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சான்று சொல்லும் அளவுக்கு மேல் அவர்கள் சொல்லவில்லை.

இடம் தெரிந்தால் காரணம் தெரிந்துவிடுமா? தெரியாது. அதற்குக் கறுப்புப் பெட்டி வேண்டும். (அதன் நிறம் ஆரஞ்சு! எளிதில் கண்ணில் படத்தான்.) ஒரு பெட்டி வேகம், உயரம் போன்றவற்றைப் பதியும். இன்னொன்று விமானிகளின் பேச்சைப் பதியும். 2009-இல் 228 பேருடன் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தின் பெட்டிகள் 2011-இல்தான் கிடைத்தன. வேகம் அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்ததும், குழம்பிய விமானிகள் மூக்கைத் தூக்கியதால் விமானம் தாங்குவிசை இழந்து விழுந்ததும் அப்போதுதான் புரிந்தது. அதுவரை ஆளுக்கொரு கதை!

ஏ.என்-32 குடும்பங்கள் ஒரு தடயத்துக்கே ஏழரை ஆண்டு காத்திருந்தன. தம்பியைத் தேடிய அரை மணி நேரத்தையே எங்களால் தாங்க முடியவில்லை. அதனால், எங்காவது விபத்து என்றால் வாய்க்கு வந்ததைப் பரப்பாதீங்க நண்பர்களே. சான்று பேசும்வரை பொறுப்போம்.


– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்