கடைப்பெயரைக் காக்கும் பதிவு எது? நெல்லித்தோப்புச் சிறு வணிகருக்கு ஒரு வழிகாட்டி

தனி ஒருவர் நடத்தும் சிறு தொழிலின் பெயரை, அந்தப் பெயருக்காகவே பதிவுசெய்து தரும் பொது அலுவலகம் எதுவும் இந்தியாவில் இல்லை. இலங்கையில் 1918ஆம் ஆண்டின் வணிகப் பெயர்கள் கட்டளைச் சட்டமும் மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் தொழில் பதிவுச் சட்டமும் அத்தகைய பதிவேட்டை ஏற்படுத்தியுள்ளன. பிரான்ஸிலும் 1919 முதல் வணிகப் பதிவேடு உண்டு. புதுச்சேரியோ 1954 நவம்பர் 1இல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. அதன் வணிகத்தை இன்று ஆள்பவை இந்தியச் சட்டங்களே. ஆகவே புதுச்சேரியின் நெல்லித்தோப்பில் மசாலாத்தூள் அரைத்து விற்பவரோ தையலகம் நடத்துபவரோ தம் கடைப்பெயரைப் பதிவுசெய்ய முற்படும்போது, வேறு வேறு நோக்கங்களுக்காக உருவான பல பதிவுகளுள் எது தம் பெயரைக் காக்கும் என்பதைத் தாமே தேர்ந்தறிய வேண்டியுள்ளது.

முதலில் கைக்கு வருபவை அனுமதிச் சான்றுகள். புதுச்சேரி நகராட்சி தரும் தொழில் உரிமம், உணவுப்பொருள் விற்போர் பெறவேண்டிய உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜி.எஸ்.டி. பதிவு, 2020 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள, சிறு தொழில்களுக்கான கட்டணமில்லா உத்யம் பதிவு ஆகிய அனைத்திலும் கடையின் பெயர் இடம்பெறும். சரக்கு விற்போர் ஜி.எஸ்.டி. பதிவு பெறவேண்டிய ஆண்டு விற்றுமுதல் வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாயாக இருக்க, புதுச்சேரியில் அது 20 லட்சமாகவே நீடிப்பதால், இங்குள்ள கடைக்காரர் அந்தப் பதிவுக்குள் விரைவிலேயே வந்துவிடுகிறார். ஆயினும் இச்சான்றுகளில் ஒன்றும் அதே பெயரைப் பிறர் வைப்பதைத் தடுப்பதில்லை. ஒரே பெயரில் இருவர் ஜி.எஸ்.டி. பதிவு பெறுவதற்கும் தடையில்லை. சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியதும் பெயர் தமதாகிவிட்டது என்று சிறு வணிகர் பலர் நம்பிவிடுவது வருந்தத்தக்கது. அவற்றின் உண்மையான பயன் வேறு: குறிப்பிட்ட நாள் முதல் அப்பெயர் புழக்கத்தில் இருந்தது என்பதற்கு அவை வலுவான ஆவணங்கள்.

அடுத்து வருவது தொழிலின் வடிவத்தைப் பதிவுசெய்வது. கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தை 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ்ப் பதியலாம். பதியாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தம் சார்ந்த உரிமைக்காக வெளியார்மீது வழக்குத் தொடுக்க இயலாது என்பதால் இது பயனுள்ளதே, எனினும் பெயரில் தனியுரிமையை இது தருவதில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனியோ வரையறுத்த பொறுப்புடைய கூட்டாண்மையோ தொடங்கினால், முன்பே பதிவான கம்பெனியின் பெயரை ஒத்த பெயர் மறுக்கப்படும். அந்த மறுப்பு கம்பெனிப் பதிவேட்டுக்குள் மட்டுமே செல்லும். எதிர்த்தெருவில் அதே பெயரில் கடை திறக்கும் தனி வணிகரை அது கட்டுப்படுத்தாது. பெயருக்காக மட்டும் கம்பெனி தொடங்குவது, ஆண்டுதோறும் தணிக்கையும் அறிக்கைத் தாக்கலும் என்ற நிரந்தரச் செலவை வலியத் தேடிக்கொள்வதாகும்.

பெயரைக் காப்பதற்கென்றே அமைந்தது 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம். வணிகக்குறி, அதாவது டிரேட்மார்க், என்பது ஒருவரின் சரக்கையோ சேவையையோ பிறருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் சொல், படம் போன்ற அடையாளம். பதிவான வணிகக்குறியை அதே வகைச் சரக்கு விற்கும் வேறொருவர் தம் கடைப்பெயராக வைத்துக்கொண்டாலும் உரிமை மீறலே என்று அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு கூறுகிறது. பதிவு செய்யாதவரும் முற்றிலும் கைவிடப்படவில்லை. பிறர் ஈட்டிய நற்பெயரைப் பயன்படுத்தித் தன் சரக்கை அவருடையதுபோல் விற்பதைத் தடுக்கும் பழைய நீதிநெறி இன்றும் உயிரோடு உள்ளது; அகமதாபாத்தின் 'முக்தஜீவன் கலர் லேப்' வழக்கில் 2001 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்நெறியின்படியே பழைய கடைப்பெயரைக் காத்தது. திருநெல்வேலி 'இருட்டுக்கடை அல்வா' வழக்கில் 2015இல் வந்த தீர்ப்பு இன்னும் ஒருபடி மேலே சென்றது: எதிர்த்தரப்பு 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்பதைப் பதிவுசெய்து வைத்திருந்தபோதும், முன்பிருந்தே பெயரைப் பயன்படுத்திவந்தவரின் உரிமையே மேலோங்கும் என்று அது நிலைநாட்டியது. ஆனால் பதிவில்லாதவர் தம் நற்பெயரைச் சாட்சியத்தாலும் ஆவணத்தாலும் மெய்ப்பிக்க வேண்டும். ரசீதுப் புத்தகம்கூட வைத்திராத சிறு கடைக்கு அது பெரும்பாரம்.

பெயரே வலுவற்றதாயின் எந்தப் பதிவும் உதவாது. 'நெல்லித்தோப்பு மசாலா', 'பாண்டி பேக்கரி' போன்றவை இடத்தையும் சரக்கையும் மட்டுமே சொல்வதால், நெடுங்காலப் பயன்பாட்டால் தனித்தன்மை பெற்றாலொழியப் பதிவாவது கடினம். வில்லியனூர் சுடுமண் கைவினை, திருக்கனூர் காகிதக்கூழ்க் கைவினை ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை என்பதால், அப்பெயர்களைத் தனியொருவர் தமதாக்கிக்கொள்ள முனைவது வீண். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனியுரிமையாக்க முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை, ஊதுபத்தித் தொழில் செழித்த புதுச்சேரியில் குறிப்பாக நினைவில் கொள்ளவேண்டும். மறுபுறம், பெயர் ஒத்திருப்பதாலேயே அஞ்சவும் தேவையில்லை: கர்நாடகப் பால் கூட்டமைப்பின் 'நந்தினி' இருக்கவே, பெங்களூரு உணவகமான 'நந்தினி டீலக்ஸ்' தன் பெயரைப் பால்பொருள் அல்லாத உணவுகளுக்குப் பதிய 2018இல் அதே நீதிமன்றம் இடமளித்தது.

வணிகக்குறிப் பதிவுக்காகச் சரக்கும் சேவையும் 45 வகுப்புகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. மசாலாவும் இனிப்பும் 30ஆம் வகுப்பு, ஆயத்த ஆடை 25, உணவகம் 43. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி நபரும் சிறு நிறுவனமும் இணையவழியில் செலுத்தும் கட்டணம் 4,500 ரூபாய், மற்றவர்க்கு 9,000. கூட்டு நிறுவனம் குறைந்த கட்டணத்தைப் பெற உத்யம் சான்று துணைசெய்யும் என்பதால், அதை முதலில் பெறுவதே முறை. புதுச்சேரி விண்ணப்பங்கள் சென்னை வணிகக்குறிப் பதிவகத்தின் எல்லைக்குள் வருகின்றன. விண்ணப்பிக்குமுன் பதிவகத்தின் இணையத் தேடலில் அப்பெயரையும் ஒலியில் ஒத்த பெயர்களையும் பார்த்துவிட வேண்டும். தமிழ் எழுத்தில் பதிவதாயின் ஒலிபெயர்ப்பும் பொருளும் உடன் தரவேண்டும். செலவுக்கு ஒரே விண்ணப்பம்தான் இயலுமெனில், படத்தைவிடச் சொல்லையே பதிவது நன்று. படம் மாறினாலும் சொல் நிலைக்கும்.

விண்ணப்பம் பதிவகத்தின் வணிகக்குறி இதழில் வெளியானபின் எதிர்ப்புக்கு 4 மாத அவகாசம் உண்டு. பதிவு கிடைக்கும்வரை 'டி.எம்.' என்ற எழுத்துகளை மட்டுமே இடலாம். பதிவானதைக் குறிக்கும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தை முன்னதாக இடுவது தவறு. கூட்டாளிகள் இருப்பின் எவர் பெயரில் விண்ணப்பிப்பது என்பதை ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும், ஏனெனில் ஒருவர் பெயரில் மட்டும் பதிவான வணிகக்குறி, பிரிவினையின்போது மற்றவரைத் தம் கடைப்பெயர்ப் பலகையையே இறக்கவைத்துவிடக்கூடும். பதிவு விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டு செல்லும், பின்னர்ப் புதுப்பிக்கலாம்.

தனியாகச் சிறு கடை நடத்துபவர் நகராட்சி உரிமமும் உத்யமும் பெற்று, நாள் குறித்த ரசீதுகளைச் சேர்த்துவைத்து, தம் முதன்மைச் சரக்குக்குரிய ஒரே வகுப்பில் சொற்குறிக்கு விண்ணப்பிப்பதே பொருத்தம். பொட்டலமிட்டுத் தமிழ்நாட்டுக்கும் அனுப்புபவர் முதல் பெயர்ச்சீட்டு அச்சாவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கம்பெனி வடிவம் வெளியார் முதலீடு நாடுவோர்க்கே உரியது, அவர்களும் கம்பெனிப் பெயருடன் வணிகக்குறியைத் தனியே பதிந்தாக வேண்டும்.