முக்கோணத்துக்கு இரண்டு பெயர்கள்

கேள்வி: பக்க அளவு, கோண அளவு ஆகிய இரு முக்கோண வகைப்பாடுகளையும் குழந்தைகள் குழப்பிக்கொள்ளாமல் கற்பிப்பது எப்படி? சமபக்க முக்கோணத்தை இருசமபக்க முக்கோணம் என்றும் சொல்லலாமா?

பதில்: பக்கங்களை ஒப்பிட்டுச் சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம் என்றும், மிகப் பெரிய கோணம் 90 பாகைக்குக் குறைவா, சமமா, அதிகமா என்று பார்த்துக் குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் என்றும் பிரிக்கும் இவ்விரு முறைகளும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல, ஒவ்வொரு முக்கோணத்துக்கும் இரு பெயர்களும் உண்டு என்பதை முதலிலேயே உணர்த்திவிட்டால் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கும். இதற்கு, பக்க வகைகளை வரிசைகளாகவும் கோண வகைகளை நிரல்களாகவும் கொண்ட அட்டவணையை வரையச் செய்து, அதன் 9 கட்டங்களுக்கும் பொருந்தும் முக்கோணங்களைக் குழந்தைகளையே தேடவிடுவது நல்லது. சமபக்க முக்கோணத்தின் கோணம் ஒவ்வொன்றும் 60 பாகையாகவே அமைவதால் 2 கட்டங்கள் ஒருபோதும் நிரம்பா என்பதை அவர்களே கண்டறிவர். எல்லாப் படங்களையும் கிடைமட்ட அடிப்பக்கத்தின்மீதே வரைவது (பாடநூல்களின் பழைய வழக்கம் இது) தீங்கானது. சாய்த்து வரைந்த செங்கோண முக்கோணத்தை அடையாளம் காணப் பல குழந்தைகள் தடுமாறுவர்.

இருசமபக்க முக்கோணத்தில் இரண்டு பக்கங்கள் மட்டுமே சமம் என யூக்ளிட் வரையறுத்தார். குறைந்தது இரண்டு என்பதே இன்றைய கணிதத்தின் பெருவழக்கு என்பதால், சமபக்க முக்கோணமும் அதில் அடங்கும்.