வட்டு "எழுதினேன்" என்றால் நம்பலாமா?

செய்முறை வகுப்பில் அளவுகளை முதலில் ரஃப் நோட்டில் கிறுக்கிக்கொண்டு, பிறகுதான் ரெக்கார்டு நோட்டில் ஏற்றுகிறோம் அல்லவா? கணிப்பொறியும் அப்படித்தான். "எழுது" என்றதும் நினைவகத்தில் குறித்துக்கொண்டு "ஆயிற்று" என்றுவிடும். வட்டில் ஏற்றுவது பிறகு. அந்த ஏற்றம் தவறினால்?

ஒரு கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள் இயங்குவதுபோல் நடத்திக்காட்டும் மென்பொருள்களில் இச்சிக்கல் இரட்டிக்கிறது. பிரான்சு நாட்டவரான ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎமு அவற்றுள் ஒன்று. உள்ளிருக்கும் கணிப்பொறி தன் வட்டு என்று நம்புவது, பெரும்பாலும் வெளிக் கணிப்பொறியின் ஒரு கோப்பைத்தான். பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ இருந்து நாம் இணையவழி அனுப்பும் விண்ணப்பங்கள் பலவும் எங்கோ இத்தகைய கோப்பில்தான் போய்ச் சேர்கின்றன.

வெளி வட்டில் இடம் தீர்ந்தால் லினக்ஸ் 28 என்ற பிழை எண்ணைத் தரும். வட்டே கோளாறானால் பெரும்பாலும் 5. எண் 28 வந்தால் கியூஎமு, வேறு கட்டளை இல்லாதவரை, உள் கணிப்பொறியை அப்படியே நிறுத்திவைக்கும். இடத்தைக் காலிசெய்துவிட்டு மீண்டும் ஓட்டலாம். நல்ல ஏற்பாடு! மற்றப் பிழைகளோ உள்ளே போய்ச் சேரும்போது "எழுத முடியவில்லை" என்று மட்டுமே தெரியும், காரணம் தெரியாது.

இதற்காகவே நிரலாளர்கள் எழுத்து நடக்கும் இடங்களில் சுவடு பதிக்கும் வரிகளைச் சேர்க்கின்றனர். நேரம், கோப்பு, இடம் 1048576, நீளம் 4096, விடை -28 என்று ஒரே வரி போதும். எல்லா எழுத்துக்கும் பதித்தால் வேகம் குறையும். எனவே தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம்.

ஆனால் தவறியதைப் பதிப்பதில் சிக்கனம் கூடாது என்பது எம் கருத்து. 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர்கள் திடுக்கிட்டனர். "வட்டில் ஏற்றிவிட்டாயா?" என்று கேட்டதற்கு லினக்ஸ் ஒருமுறை "தவறிவிட்டது" என்றது. மறுபடி கேட்டால், ஏற்றாத பக்கத்தையும் ஏற்றியதாகக் கணக்கில் வைத்து, "ஆயிற்று" என்றது! 2019இல் வந்த 11.2 பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸ் மறுமுறை கேட்பதில்லை. உடனே நின்று, தன் நாட்குறிப்பிலிருந்து தகவலை மீட்கிறது. அந்த ஒருமுறை சொன்னதை யாரும் குறிக்காவிட்டால் பிறகு துப்புக் கிடைப்பது அரிது.

இன்னொன்று: சுவட்டுக் கோப்பை அதே வட்டில் வைக்கக் கூடாது. இடம் தீர்ந்தபோது, இடம் தீர்ந்தது என்று எழுதவும் அங்கே இடம் இராது.