முதலில் தண்ணீர், பிறகு கற்றாழை: வைட்ஃபீல்ட் வீடுகளுக்குத் தீபாவளி ஆலோசனை

கர்நாடகத்தில் நரக சதுர்த்தசிக்கு முந்தைய நாளை ‘நீரு தும்புவ ஹப்ப’ என்கிறார்கள். தண்ணீர் நிரப்பும் பண்டிகை என்று பொருள். அண்டாவைத் துலக்கி, பூச்சூட்டி, மறுநாள் எண்ணெய்க் குளியலுக்கு நீர் நிரப்பி வைப்பார்கள். வைட்ஃபீல்டில் குடியிருக்கும் தமிழர்களும் இந்த ஆண்டு அதைச் செய்வோம். கை சுட்டுக்கொண்டால் அந்தத் தண்ணீர்தான் முதல் மருந்து.

நம் வீட்டு அதிரசமும் பக்கத்து வீட்டுக் கஜ்ஜாயமும் கொதிக்கும் எண்ணெயில் வேகும் வாரம் இது. ஊரில் ஒரு நாளோடு முடியும் தீபாவளி இங்கே பலிபாட்யமி வரை நீளும். மூன்று நாளும் மத்தாப்பு உண்டு. சூடு பட்டதும் பலர் கத்தியோடு பால்கனித் தொட்டியிலுள்ள சோற்றுக்கற்றாழையிடம் ஓடுகிறார்கள். கற்றாழை நல்லதுதான். ஆனால் அதன் முறை இரண்டாவது.

இன்றே செய்ய வேண்டியவை

• டேங்கர் தண்ணீரை நம்பியிருக்கும் அடுக்ககங்களில் பண்டிகை நாளன்று குழாய் வறண்டுபோகலாம். சமையலறையில் ஒரு வாளி, பட்டாசு வெடிக்கும் இடத்தில் இரண்டு வாளி நல்ல தண்ணீர் நிரப்பி வையுங்கள்.

• சோலார் ஹீட்டர் உள்ள வீடுகளில் எந்தக் குழாயில் வெந்நீர் வரும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவையுங்கள். பதற்றத்தில் சுட்ட கையை வெந்நீரில் நீட்டிவிடக் கூடாது.

• உங்கள் செடி சோற்றுக்கற்றாழைதானா என்று பாருங்கள். சாலையோரங்களில் வளரும் ரயில் கற்றாழை வேறு இனம். அதன் மடல் நாராக இருக்கும், நுனியில் கூரிய முள் இருக்கும், சாறு பட்டால் தோல் அரிக்கும். செடி இல்லாதவர்கள் நர்சரியில் ‘லோளெசர’ என்று கன்னடத்தில் கேளுங்கள்.

• கற்றாழைச் சோற்றைக் கொஞ்சம் முழங்கையின் உட்புறம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது.

சூடு பட்டுவிட்டால்

1. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். நெருப்பிலிருந்து கையை எடுத்த பிறகும் தோலுக்குள் தங்கிய சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் அதைத் தடுக்கிறது. உடனே முடியாமல் போனாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், அது தோலை மேலும் புண்ணாக்கும். ஐப்பசி இரவு பெங்களூரில் குளிரும். குழந்தையாக இருந்தால் சுட்ட இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைப் போர்த்திவிடுங்கள்.

2. வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர்கள்.

3. இட்லி மாவு, பற்பசை, பேனா மை, மஞ்சள், வெண்ணெய் எதையும் அப்பாதீர்கள். இவை சூட்டை உள்ளே அடைக்கும், கிருமியைச் சேர்க்கும். காயத்தின் ஆழம் மருத்துவர் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அப்பியதைச் சுரண்டி எடுப்பது இன்னொரு வேதனை.

கற்றாழை எப்போது, எப்படி?

தோல் சிவந்து எரிகிறது, கொப்புளம் இல்லை, காயம் பட்டவரின் உள்ளங்கையைவிடச் சிறிய இடம் என்றால் மட்டும் வீட்டில் பார்க்கலாம். அடிப்பக்கத்து முற்றிய மடல் ஒன்றை நறுக்கி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் நிறுத்துங்கள். மஞ்சள் பால் வடிந்துவிடும். மூசாம்பரம் எனப்படும் கரியபோளம் அந்தப் பாலிலிருந்துதான் செய்யப்படுகிறது. அந்தப் பால் தோலை உறுத்தும். பிறகு முள்ளையும் பச்சைத் தோலையும் சீவி, உள்ளிருக்கும் சோற்றை ஏழு தண்ணீர் விட்டு அலசுங்கள். கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு மெல்லப் பூசுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை போதும். ஒவ்வொரு முறையும் புதிதாக எடுங்கள். கடையில் வாங்கும் ஜெல்லில் வாசனையும் ஆல்கஹாலும் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்.

இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. தாய்லாந்து ஆய்வாளர்கள் நான்கு ஆய்வுகளில் 371 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2007-இல் ‘பர்ன்ஸ்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். கற்றாழை இட்டவர்களுக்குக் காயம் ஏறக்குறைய 9 நாள் முன்னதாக ஆறியது. ஆனால் ஒவ்வொரு ஆய்விலும் கற்றாழையை வெவ்வேறு வடிவில் பயன்படுத்தியிருந்ததால், உறுதியான முடிவுக்கு இது போதாது என்றும் அவர்களே சொன்னார்கள். ஆகவே கற்றாழையைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். அதையே முழு வைத்தியமாக நம்பியிருக்க வேண்டாம்.

கற்றாழையைத் தொடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

• உள்ளங்கையைவிடப் பெரிய காயம். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் பட்ட காயம்.

• கொப்புளம் எழுந்த, தோல் உரிந்த, வெளுத்த, கருகிய காயம். வலியே இல்லாவிட்டால் இன்னும் அவசரம். ஆழமாக வெந்திருக்கிறது என்று அர்த்தம்.

• மின்சாரத்தாலும் ரசாயனத்தாலும் ஏற்பட்டவை.

• கைக்குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளிக்குப் பட்ட எந்தக் காயமும்.

ஈரத்தை மெல்ல ஒற்றிவிட்டுச் சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி, 108-ஐ அழையுங்கள். அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். விக்டோரியா மருத்துவமனையில் மகாபோதி தீக்காயப் பிரிவு இருக்கிறது; ஆனால் வைட்ஃபீல்டிலிருந்து அங்கே போய்ச் சேர நேரமாகும். அதனால் அந்த 20 நிமிடத் தண்ணீர் வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள். கண்ணில் பொறி பட்டால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், எதையும் ஊற்றி மருந்து பார்க்காதீர்கள்; மின்டோ கண் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள கண் மருத்துவரிடமோ உடனே போங்கள்.

இன்று மாலை விளக்கேற்றும் முன் வாளிகளை நிரப்புங்கள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு முறை சொல்லுங்கள்: சுட்டால் முதலில் தண்ணீர், 20 நிமிடம், கற்றாழை அதற்குப் பிறகுதான்.