முப்பத்துமூன்று பேரும் நலம்

என் அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. மத்ரீதில் உனக்கு மாலை வகுப்பு ஒன்று கிடைத்திருக்கிறது என்று உன் அப்பா போனில் சொன்னான். வாரம் மூன்று நாள், வேலை முடித்துக் களைத்து வரும் பன்னிரண்டு பெரியவர்களுக்கு ஆங்கிலம். அதே ஊரில் அதே வேலையை நானும் பல வருஷம் பார்த்தவள். சொல்ல நினைத்தது போனில் அடங்கவில்லை.

முதலில் ஒரு துண்டுச்சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். 2010 ஆகஸ்ட் 5 அன்று சிலி நாட்டில், கோப்பியாப்போ ஊருக்குப் பக்கத்தில், சான் ஹோசே சுரங்கம் இடிந்து 33 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பதினேழு நாள் ஒரு சத்தமும் இல்லை. 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, துளைக் கருவியை மேலே இழுத்தபோது அதில் ஒரு சீட்டு வந்தது. சிவப்பு மையில், பெரிய எழுத்தில்: எஸ்தாமோஸ் பியென் என் எல் ரெஃபூஹியோ, லோஸ் 33. அதாவது, அடைக்கலத்தில் முப்பத்துமூன்று பேரும் நலம். ஸ்பானிஷ் பேசும் உலகம் முழுக்க அன்றைக்கு அழுதது.

ஆகஸ்டில் மத்ரீத் காலியாகிவிடும். மறுநாள் என் வகுப்புக்கு ஐந்தே பேர்தான் வந்திருந்தார்கள். பாடப் புத்தகத்தில் அன்றைய பாடம், மழை பெய்யும் ஏதோ ஓர் ஆங்கிலேயச் சிற்றூரில் தேநீர் வாங்குவது. அதை மூடி வைத்துவிட்டு, அந்தச் சீட்டின் வாசகத்தைக் கரும்பலகையில் எழுதி, ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். ஒரு நர்ஸ் எழுந்து வந்து எழுதினாள்: 'ஆர் ஃபைன் இன் த ஷெல்ட்டர் த தர்ட்டி-த்ரீ.'

இதில் எங்கே தப்பு என்று கேட்டால் எந்த ஆங்கில ஆசிரியரும் எழுவாய் இல்லை என்று வட்டம் போடுவார். நீ வட்டம் போடுவதற்கு முன்னால் அதையே தமிழில் சொல்லிப் பார். 'நலமாக இருக்கிறோம், அடைக்கலத்தில், முப்பத்துமூன்று பேரும்.' நாங்கள் என்ற சொல் வேண்டியிருக்கிறதா? 'இருக்கிறோம்' என்பதன் வாலில் இருக்கும் ஓகாரமே நாங்கள் என்று சொல்லிவிடுகிறது. எஸ்தாமோஸின் 'மோஸ்' அதே வேலையைத்தான் செய்கிறது. ஆங்கிலத்து 'ஆர்' ஒரு மொட்டை வினை. நாமா, நீயா, அவர்களா என்று அது காட்டாது. அதனால்தான் அதற்கு முன்னால் 'வி' என்று ஓர் ஆளை நிறுத்த வேண்டியிருக்கிறது. தமிழ் வாக்கியத்தையும் பலகையில் எழுதிக் காட்டித்தான் இதை அவர்களுக்குச் சொன்னேன். அந்தப் பெண் எதையும் அழிக்கவில்லை. வாக்கியத்துக்கு முன்னால் ஒரு 'வி' சேர்த்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அந்தத் தப்பை அநேகமாகச் செய்ததே இல்லை. அக்டோபர் 13 அன்று 33 பேரையும் மேலே கொண்டுவரும் வரைக்கும் அந்த வகுப்பு நாள்தோறும் சுரங்கச் செய்தியை ஆங்கிலத்தில் படித்தது.

உனக்கு நான் சொல்லவருவது இதுதான், கண்ணு. அவர்கள் செய்கிற தப்பு அறியாமையால் வருவதில்லை. அவர்களுடைய ஸ்பானிஷ் தன் கடமையை ஒழுங்காகச் செய்கிறது, ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டு. அந்தத் தப்புக்குள் ஸ்பானிஷ் எந்த இடத்தில் நிற்கிறது என்று நீ முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துக் காட்டினால் அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

தமிழ்ப் பெண்ணாக உனக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 'ஐ லைக் வெரி மச் த காஃபி' என்பார்கள். 'மே குஸ்தா முச்சோ எல் கஃபே' என்பது அதன் மூலம். எனக்குக் காபி பிடிக்கும் என்று நாம் சொல்வதும் அதே கட்டுமானம்தான்: காபிதான் எழுவாய், நான் வெறும் 'எனக்கு'. 'எஸ்கூல்', 'எஸ்பெயின்' என்பார்கள். சகரத்தில் தொடங்கி உடனே இன்னொரு மெய் வருவதை அவர்கள் மொழி தாங்காது. எஸ்குவேலா, எஸ்பான்யா என்று ஓர் உயிரை முட்டுக் கொடுத்துத்தான் ஆரம்பிக்கும். நம் தாத்தா 'இஸ்கூல்' என்றது ஞாபகம் இருக்கிறதா? அதையே சொல். பாம்பு சீறுவதுபோல 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக இழுத்துவிட்டு அதன்பின் 'கூல்' சேர்க்கச் சொல். இரண்டு வாரத்தில் முட்டு விழுந்துவிடும். 'திங்க்', 'தர்ட்டி' போன்ற சொற்களின் பல்லிடுக்கு ஒலிக்கு நேரத்தை வீணாக்காதே. மத்ரீத்காரர்கள் நன்றி சொல்லும்போதே, 'கிராத்தியாஸ்' என்பதில், அந்த ஒலி வந்துவிடுகிறது. உன் வகுப்பில் பெருவையோ கொலம்பியாவையோ சேர்ந்தவர் இருந்தால் 'கிராசியாஸ்' என்பார்; அவருக்கு மட்டும் தனியாகக் காட்டு. வயதைச் சொல்லும்போது 'ஐ ஹேவ் ட்வென்ட்டி இயர்ஸ்' என்பதும், 'பீப்பிள் இஸ்' என்பதும் நாள்தோறும் வரும். லா ஹெந்தே அவர்களுக்கு ஒருமை. சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

ஆனால் இரண்டு மொழியிலும் ஒரே முகம் கொண்ட சொற்களை விட்டு அப்படி நகராதே. 'எம்பரதாதா' என்றால் கர்ப்பிணி; கூச்சம் என்று பொருள் இல்லை. 'அக்துவால்மென்தே' என்றால் தற்போது, 'ஆக்சுவலி' இல்லை. லிப்ரெரியா புத்தகக் கடை, கார்பெத்தா கோப்பு. இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக் கூடியவை. 'கோன்ஸ்திபாதோ' அப்படி இல்லை. ஸ்பெயினில் அதற்கு ஜலதோஷம் பிடித்தவன் என்று பொருள், ஆங்கிலத்தில் மலச்சிக்கல். 2013-இன் தொடக்கத்தில் ஸ்பெயினில் வேலையில்லாதவர்கள் 27 சதவீதம். என் வகுப்பு நர்ஸுகளில் பாதிப் பேர் இங்கிலாந்துக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் இந்தச் சொல் மாறிப்போனால் என்ன ஆகும்? 1980-இல் ஃப்ளோரிடாவில் 18 வயதுப் பையன் ஒருவன் நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டான். வீட்டார் 'இன்தொக்சிகாதோ' என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில். கேட்டவர்கள் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். உள்ளே மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவனுக்குக் கைகால் நான்கும் செயலிழந்துபோயின. இதை நர்ஸுகளுக்குச் சொன்ன அன்று வகுப்பில் பேச்சே இல்லை. அந்தக் கதையில் தப்பு செய்தவர்கள் ஸ்பானிஷ்காரர்கள் இல்லை என்பதையும் சொன்னேன். நீ ஸ்பானிஷ் கற்றுக்கொள். கட்டாயம் கற்றுக்கொள். உன் ஸ்பானிஷை அவர்கள் திருத்தட்டும். திருத்துகிற அன்று அவர்களுக்கு ஆங்கிலமும் நன்றாக வரும்.

செய்தியை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைப்பாய். காலையில் மெட்ரோவில் ஸ்பானிஷில் படித்த விஷயத்தையே மாலையில் ஆங்கிலத்தில் பார்க்கும்போது பொருள் ஏற்கெனவே கையில் இருக்கிறது. தெரியாத சொல் மிரட்டாது. இன்னொன்று, சொல்வதற்கு அவர்களுக்கு ஏதோ ஒன்று இருக்கும். 2012 ஜூனில் வங்கிகளைக் காப்பாற்ற ஐரோப்பாவிடம் ஸ்பெயின் 100 பில்லியன் யூரோ வரை கேட்டது. ஸ்பானிஷ் பத்திரிகையில் அது '100.000 மியோனெஸ்'. அந்தப் புள்ளி நம் காற்புள்ளிக்குச் சமம். வங்கி ஊழியர் ஒருவர் ஆங்கிலச் செய்தியைப் பார்த்துவிட்டு, 'சியென் பியோனெஸா?' என்று அதிர்ந்துபோனார். அவர்களுடைய பியோன் லட்சம் கோடி. ஆங்கிலத்து பில்லியன் நூறு கோடிதான். ஆயிரம் மடங்கு வித்தியாசம். நமக்கும் இந்தக் கணக்கு ஒருநாளும் சுலபமில்லை என்று சொல்லி, லட்சமும் கோடியும் பலகையில் எழுதினேன். அன்றைக்கு இரண்டு மணி நேரம் பணத்தைப் பற்றி, கோபமாக, ஆங்கிலத்தில் பேசினார்கள்.

தலைப்புகளைத் தனியாகச் சொல்லிக் கொடு. 2014 ஜூன் 2 அன்று மன்னர் ஹுவான் கார்லோஸ் பதவி விலகப்போவதாக அறிவித்தார். ஆங்கிலத் தலைப்பு 'கிங் டு அப்டிகேட்'. வினை எங்கே, இது அச்சுப்பிழை என்று சண்டைக்கு வந்தார்கள். தலைப்பில் அந்த 'டு' வந்தால் இனிமேல் நடக்கப்போகிறது என்று பொருள். நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் போடுவார்கள். இந்த இரண்டும் தெரிந்தால் பத்திரிகையின் முதல் பக்கம் திறந்துவிடும். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குச் செய்தியை நீயே சுருக்கி எழுது. அமெரிக்க வானொலி 1959-இல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' செய்திகள் சுமார் 1,500 சொற்களுக்குள், நிதானமாக வாசிக்கப்பட்டவை. அந்த அளவுச் சிக்கனம் போதும்.

திருத்தும் விதம் பற்றி ஒன்று. 2013 செப்டம்பரில் மத்ரீத் மேயர் ஆனா போத்தெயா, 2020 ஒலிம்பிக்கை ஊருக்குக் கேட்டு புவெனஸ் அய்ரெஸில் ஆங்கிலத்தில் பேசினார். பிளாசா மாயோரில் நிம்மதியாக ஒரு பால் காபி குடிப்பதற்கு ஈடாக ஒன்றும் இல்லை என்றார். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அவர் உச்சரிப்பையும் குரலையும் வைத்து நாடே கேலி செய்தது. சட்டையில் அச்சடித்து விற்றார்கள். அடுத்த வகுப்பில் என் மாணவர்கள் வாயைத் திறக்கவே இல்லை. மேயருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன என்று ஒருவர் ஸ்பானிஷில் முணுமுணுத்தார். அவர்களை மறுபடி பேச வைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஆகவே நடுவில் நிறுத்தாதே. ஒருவர் பேசி முடிக்கும் வரை காத்திரு. உன் மடியில் ஒரு நோட்டு இருக்கட்டும். கேட்ட தப்புகளை யார் சொன்னது என்று பெயர் போடாமல் எழுதிக்கொள். கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்றை மட்டும் பலகையில் போடு. அது தன்னுடையது என்று சொன்னவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

முதல் நாள் பதற்றமாக இருந்தால் முன்னால் கிடக்கும் மேசையைத் தட்டி, இதை எங்கள் ஊரில் என்ன சொல்வோம் தெரியுமா என்று கேள். போர்த்துக்கீசியர் நம்மிடம் விட்டுப்போன அந்தச் சொல் உன் மாணவர்களுக்கும் 'மேசா'தான். அலமாரியையும் காட்டு, அவர்களுக்கு அது 'அர்மாரியோ'.

முதல் வாரம் முடிந்ததும் அந்த நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எந்தத் தப்பில் ஸ்பானிஷ் எங்கே நிற்கிறது என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அத்தை