புயற்காலத்தில் யார் சொல்லை நம்புவது?

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டது என்று தெரிந்த மாத்திரத்தில், வானிலை அறிக்கையும், தொலைக்காட்சியின் பரபரப்பும், தனிப்பட்ட ஆர்வலர்களின் கணிப்பும், கர்த்தா யாரென்றே தெரியாமல் வாட்ஸ்அப்பில் கைமாறி வரும் சேதிகளும் ஏககாலத்தில் வந்து சூழ்ந்துகொள்வதால், சாதாரண ஜனங்கள் எதைப் பிரமாணமாகக் கொள்வது என்றறியாமல் திகைக்கிறார்கள்.

எச்சரிக்கை என்ற அளவில் நான் முதலிடம் தருவது இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கே. எந்த மணி நிலவரப்படி, எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் புயல் நிற்கிறது என்று திட்டமாகச் சொல்லி, மறுநாளே எவரும் சரிபார்க்கும்படி அந்த அறிக்கை தன்னைப் பரீட்சைக்கு உட்படுத்திக்கொள்கிறது. அங்கே வார்த்தைக்கு அளவு உண்டு. காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால்தான் அது புயல். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் பெய்தால் கனமழை, 115.6 ஆனால் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. தொலைக்காட்சியில் 'பேய்மழை' என்று கூவுகிறவரிடம் அது எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் பதில் கிடைக்காது.

ஆனால் மாவட்டம் முழுமைக்கும் சொல்லப்படும் அறிக்கை, அடுத்த இரண்டு மணி நேரத்தில் தாம்பரத்தில் மழை விடுமா என்ற கேள்விக்குப் போதாது. அந்தச் சந்தர்ப்பத்தில் ரேடார் படத்தை நொடிக்கு நொடி கவனித்துச் சொல்லும் ஆர்வலர்கள் மெய்யாகவே உபகாரிகள். அவர்களிலும், நேற்றைய கணிப்பு ஏன் பொய்த்தது என்று தாமே விளக்குகிறவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். பலித்ததை மட்டும் பறைசாற்றுகிறவரை விட்டுவிடுங்கள்.

பத்திரிகை தாமதமாக வரும். வானிலைத் துறையின் மழைக் கணக்கு காலை 8.30-உடன் முடியும் 24 மணி நேரத்துக்கானது. ஆகவே காலைப் பத்திரிகையில் காணும் அளவு இன்று பெய்ததன்று. எனினும் புயல் போன பிறகு பத்திரிகைக்கு ஈடில்லை. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்த பின், பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்த அவலத்தை, தோப்பிலேயே நின்று விவசாயிகளிடம் பேசி எழுதிய நிருபர்களின் சொல்லுக்கு உள்ள மதிப்பு, தொலைக்காட்சி நிலையத்தில் அமர்ந்து விவாதிப்பவர்களின் சொல்லுக்கு வராது.

வாட்ஸ்அப் சேதியில் தேதியும் பெயரும் இல்லாவிட்டால் அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். நாளை பள்ளி விடுமுறை என்று வந்தாலும், அதைப் பெரும்பாலும் அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியரே ஆகையால், அவருடைய அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று வானிலைத் துறை சொல்லிவிட்டால், வானம் தெளிந்திருந்தாலும், எத்தனை பெரிய ஆர்வலர் பயமில்லை என்று எழுதினாலும், அந்த எச்சரிக்கை விலக்கப்படும் வரையில் தயவுசெய்து படகை இறக்காதீர்கள்.