துண்டுபட்ட காட்டில் உயிர்க் கணக்கு

நிலத்தைத் திணைகளாக வகுத்த தொல்காப்பியர், அந்நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் மாவையும் புள்ளையும் சேர்த்தே எண்ணினார். நிலம் சிதைந்தால் அதன் கருப்பொருளும் சிதையும். அச்சிதைவை அளந்து காட்டும் பணியை இன்று அறிவியல் மேற்கொண்டுள்ளது.

ஆனைமலையிலுள்ள வால்பாறை மேட்டுநிலம் இதற்குத் தக்க சான்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் அங்கு மழைக்காடு அழிக்கப்பட்டுக் காப்பி, தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. எஞ்சிய காடு, தேயிலைப் பரப்பிடையே தீவுகள் போலச் சிறுசிறு துண்டுகளாக நிற்கிறது. பரப்புக் குறைந்த தீவில் உயிரின வகைகளும் குறையும் என்பதை விளக்கும் கோட்பாட்டை மக்கார்தர், வில்சன் ஆகிய இருவரும் 1967-இல் நூலாக வகுத்தளித்தனர்.

துண்டுக் காட்டில் உயிரினங்களை எவ்வாறு கணக்கிடுவது? கண்ணிற்பட்டவற்றைப் பட்டியலிட்டால் போதாது. ஓர் உயிரினம் அங்கு வாழ்ந்தும், ஒரு முறை செல்லும்போது அதனைக் காணும் வாய்ப்புப் பாதியே எனக் கொள்வோம். மும்முறை சென்றாலும், அது நம் கண்ணுக்குத் தப்பும் வாய்ப்பு எட்டில் ஒரு பங்கு உண்டு. ஆதலின் ஆய்வாளர் ஒரே இடத்துக்குப் பன்முறை சென்று, கண்டதையும் காணாததையும் குறித்து, தப்பும் வாய்ப்பைக் கணித்துத் திருத்துகின்றனர்.

எண்ணிக்கையை அறியவும் இத்தகைய வழியுண்டு. 20 எலிகளைப் பிடித்து அடையாளமிட்டு விடுவிக்கின்றோம். மறுமுறை பிடித்த 25-இல் 5 அடையாளமுடையனவாயின், மொத்தம் ஏறத்தாழ 100 எனலாம். இடையில் வரவும் போக்கும், பிறப்பும் இறப்பும் இல்லாதிருத்தல் வேண்டும்.

எனினும் எண் மட்டுமே நலத்தைக் காட்டாது. வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில், 100 ஹெக்டேருக்கும் குறைந்த காட்டுத் துண்டில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மரமுடியில் உலவும் இயல்புடைய அவை, அங்கே தரையிலிறங்கிச் சாலையைக் கடக்கின்றன. வாகனங்களில் அடிபட்டு மடிந்தனவும் உண்டு. அதனைத் தடுக்கவே சாலைக்கு மேலே, மரத்துக்கு மரம் தொங்கு பாலங்கள் கட்டப்பட்டன. இன்று பட்டியலில் ‘உண்டு’ எனப் பதிவாகும் உயிர், பிற கூட்டங்களோடு கலக்க வழியின்றி நாளை அருகிப்போகலாம். எத்தனை என்று கேட்பவர், அவை ஒன்றோடொன்று சேர வழியுண்டா என்றும் கேட்டல் வேண்டும்.

திருக்குர்ஆனின் 6-ஆம் அத்தியாயம் 38-ஆம் வசனம் விலங்குகளையும் பறவைகளையும் மனிதரைப் போன்ற சமுதாயங்களாகவே குறிக்கிறது. சமுதாயத்துக்கு உறவும் வாழிடமும் இன்றியமையாதவை. நம் ஊர்க் குளக்கரையிலும் தோப்பிலும் இக்கணக்கைத் தொடங்கும் மாணவர்க்கு, ஒரு நாட் பார்வையில் ‘இல்லை’ என்று முடிவு கூறாதிருத்தலே முதற்பாடமாகும்.